தை மாதத்தில் விழித்த மரங்கள்

நிரஞ்சனியும் றூபனும் பிரிந்தபோது, பங்குபோட முடியாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். மொன்றியால் தீவின் மேற்கே, டொலார்டில் இருந்த வீட்டை விற்றார்கள். கார் அவளுக்கு, வேலைக்கு ஓட்டுகிற வான் எப்போதுமே அவனுடையது. தளபாடங்களுக்காக யாரும் மல்லுக்கட்டவில்லை. மகள் ஆர்த்திகா ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்தாள். பங்குபோடுகிற வயதை அவள் தாண்டியிருந்தாள். மிஞ்சியது பக்கத்து நகரமான லவாலின் கிழக்குக் கோடியில், றெஜான் என்ற மரக்கறித் தோட்டக்காரரிடம் அவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த நீளமான பிளாஸ்டிக் குடில். அதற்குள் தொட்டியில் அல்ல, நிலத்திலேயே ஊன்றிய மரங்கள் நின்றன. வேர்விட்டு நிற்கிற மரத்தை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது?

பெரும்பாலானவை யூசு மரங்கள். ஜப்பான்காரர் சமையலில் சேர்க்கிற மஞ்சள் நிறப் புளிப்புப் பழம் அது. சாறு கொஞ்சம், தோலின் வாசம் அதிகம். நிரஞ்சனியின் சித்தி மகன் தனுஜன் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தான். விமானத்தில் வருகிற யூசுப் பழத்தை அங்கே தங்கம் மாதிரிச் சீவிச் சீவிப் போடுகிறார்கள் என்று அவன்தான் முதலில் சொன்னான். அவள் தேடிப் படித்தாள். எலுமிச்சைச் சாதியில் குளிரை அதிகம் தாங்குபவற்றில் அதுவும் ஒன்று என்றும், மூவிலை நாரத்தை என்ற முள்மரத்தின் வேரில் ஒட்டினால் இன்னும் தாங்கும் என்றும் தெரிந்துகொண்டாள். பசிபிக் கரையில் ஒரு நாற்றுமேடையிலிருந்து ஒட்டுக்கன்றுகளை வரவழைத்தாள். மகள் படிக்கப் போனபின் வீட்டில் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இல்லாமல் போயிருந்த காலம் அது. நட்ட வருடம் நன்றாகவே போனது. சனிக்கிழமைகளில் சேர்ந்து போனார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள்.

குடிலின் கடைசி மூலையில் றூபன் தன் பங்குக்கு அரை டசின் தேசிக்கன்றுகளை, ஊரில் கறிக்குப் பிழிகிற எலுமிச்சையை, வைத்தான். "கடையில விக்கிறது தேசிக்காயே? கல்லு மாதிரிக் கிடக்கு, பிழிஞ்சா ரெண்டு சொட்டு" என்றான். நிரஞ்சனி தடுக்கவில்லை. ஆனால் அந்த மூலையில்தான் பிரச்சினை தொடங்கியது. யூசு குளிருக்குப் பழகினால்தான் பிழைக்கும். தேசிக்கு உறைபனி ஒரு நாள் பட்டாலே போதும், கருகிவிடும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டுக்கும் ஏற்ற வெப்பநிலை என்று ஒன்று கிடையாது.

றூபன் வீடுகளுக்குச் சூடாக்கும் உலை பூட்டுகிறவன், பழுது பார்க்கிறவன். குளிருக்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. டொலார்ட் வீட்டில் அவன் சூட்டைக் கூட்டிவிட்டுப் போவான். அவள் வந்து ஜன்னலை ஒரு விரற்கடை திறப்பாள். இருபது வருடமாக அவர்களுடைய சண்டைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருந்தன. யாரும் யாரையும் அடித்ததில்லை, ஏமாற்றியதில்லை. ஒருவர் செய்ததை மற்றவர் வந்து மாற்றி வைப்பது என்று ஒரு பழக்கம். அது கடைசியில் சமையலறையில், காரில், மகளின் படிப்பில் எல்லாம் பரவி, இரண்டு பேரும் களைத்துப்போய்த்தான் பிரிந்தார்கள்.

குடிலை ஒரு வாரம் அவன், மறுவாரம் அவள் என்று பார்த்துக்கொள்வதாக வழக்கறிஞர் முன்னால் ஒத்துக்கொண்டார்கள். சந்திக்கத் தேவையில்லை. அவன் வாரத்தில் ஹீற்றர் பதினைந்து டிகிரியில் நின்றது. அவள் வாரத்தில் அது பூச்சியத்துக்குப் பக்கத்தில் இறங்கியது. நிரஞ்சனி மேற்குத் தீவில் பாடசாலை பஸ் ஓட்டினாள். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் கிடைக்கிற மத்தியான நேரத்தில், தன் வாரங்களில், அவள் லவாலுக்கு வந்து போவாள். குடிலுக்குள் நுழைந்ததும் முதல் வேலை அவன் கூட்டி வைத்திருந்த குமிழைத் திருப்புவது. அதில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது.

தை மாதத்தின் நடுவில் ஒரு வாரம் மழை பெய்தது. தெருப்பனி கரைந்து ஓடியது. அந்த வாரம் தேவிகா குடிலுக்கு வந்தாள். அவள் வேலூர்ப் பெண். தீவின் மேற்கு முனையில் இருக்கிற பல்கலைக்கழக விவசாயப் பிரிவில் ஆராய்ச்சி செய்கிறாள். சென்-றெஜிஸ் தெரு முருகன் கோயிலில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருந்து பழக்கமானவள். தன் ஆராய்ச்சிக்காகக் குடிலில் சில வெப்பமானிகளைத் தொங்கவிட்டிருந்தாள். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பாள். அன்று அவள் வெப்பமானியைப் பார்க்கவில்லை. ஒரு மரத்தின் முன்னால் குனிந்து நின்றாள்.

"அக்கா, இதைப் பார்த்தீங்களா?"

கிளை நுனியில் அரிசிமணி அளவில் இளம்பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நிரஞ்சனி பக்கத்து மரத்தைப் பார்த்தாள். அதிலும் இருந்தது. வரிசை முழுக்க இருந்தது.

"குருத்து விடுதே" என்றாள். அவள் குரலில் முதலில் சந்தோசம்தான் இருந்தது.

"ஆமா. ஜனவரில விடக்கூடாது." தேவிகா நிமிர்ந்தாள். "செப்டம்பர்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா குளிரைக் காட்டினீங்க இல்லையா? உரத்தை நிறுத்தினீங்க, தண்ணியைக் குறைச்சீங்க. அப்போ மரம் வளர்றதை விட்டுட்டு உள்ள சர்க்கரையைச் சேர்த்து வச்சுக்கும். அதை வச்சுத்தான் மைனஸ் எட்டு, ஒன்பது வந்தாலும் தாங்குது. ஒரு வாரம் சூடாக்கினா போதும், சித்திரை வந்துடுச்சுன்னு நினைச்சு சேர்த்ததை எல்லாம் செலவு பண்ணிடும். மரம் முழிச்சுக்கிச்சு அக்கா. இப்போ மைனஸ் ரெண்டு வந்தா கூட இந்தத் தளிர் போயிடும். அதுக்கும் கீழ போனா கிளை போகும்."

"அவரின்ர வாரம் சூடு. என்ர வாரம் குளிர்" என்றாள் நிரஞ்சனி. சொல்லும்போதே அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது.

தேவிகா சிரிக்கவில்லை. "சூடாவே வச்சாலும் மரம் பிழைச்சுக்கும், காஸ்தான் செலவு. குளிராவே வச்சாலும் பிழைச்சுக்கும். மாத்தி மாத்திப் பண்றதுதான் அதுக்கு ஆகாது."

அன்று பின்னேரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு, நிரஞ்சனி ஆர்த்திகாவுக்கு அழைத்தாள். அப்பாவிடம் சொல்லச் சொன்னாள்: ஹீற்றரைக் கூட்டவேண்டாம், மரம் விழித்துவிட்டது என்று.

"அம்மா, நான் சொல்லமாட்டன்" என்றாள் ஆர்த்திகா. கோபமில்லாமல்தான் சொன்னாள். "நீங்கள் ரெண்டு பேரும் பிரிஞ்சது எனக்கு ஓகே. ஆனா நடுவில நிக்கிற வேலை எனக்கு வேண்டாம். மரத்தைப் பற்றித்தானே? நேர கதையுங்கோ."

நிரஞ்சனி நேரே கதைக்கவில்லை. எழுதினாள். தேவிகா சொன்னதையெல்லாம் நீளமாக எழுதி, அதில் குற்றம் சாட்டுவதுபோல இருந்த இடங்களை அழித்து, மறுபடி வாசித்து, இன்னும் அழித்து, கடைசியில் அனுப்பியது இரண்டு வரி. அவனுடைய பதில் அதைவிடச் சிறியது. *தேசி செத்துப்போகும்.*

அதுவும் பொய்யில்லை. அவள் அதற்கு மேலே ஒன்றும் எழுதவில்லை. அவன் வாரம் தொடங்கியது.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை, மழையாக விழுந்ததெல்லாம் விழுந்த இடத்திலேயே உறைந்து கண்ணாடியானது. பாடசாலைகளை மூடிவிட்டார்கள், பஸ் ஓட்டம் இல்லை. நிரஞ்சனி தன் அப்பார்ட்மென்ட் ஜன்னலில் நின்று, எதிரே இருந்த மேப்பிள் மரத்தின் கிளையொன்று பனிக்கட்டிப் பாரத்தில் மெதுவாகச் சாய்ந்து, முறிந்து, மின்கம்பியில் விழுவதைப் பார்த்தாள். வீட்டில் விளக்கு அணைந்தது. ரெலிபோனில் பார்த்தால் தீவின் பாதிக்குக் கறண்ட் இல்லை. லவாலில் அதைவிட மோசம். மத்தியானத்துக்குப் பிறகு காற்று வடக்கே திரும்பி, இருட்டுவதற்குள் மைனஸ் இருபத்துநாலுக்கு இறங்கும் என்று எழுதியிருந்தது.

குடிலின் ஹீற்றர் காஸில் எரிவது. ஆனால் அதைப் பற்றவைப்பதும், சூட்டைப் பரப்புகிற காற்றாடியைச் சுற்றுவதும் கறண்ட்தான். இன்று நகரம் முழுக்க உலைகள் நின்றுபோயிருக்கும். றூபன் வீடு வீடாக ஓடிக்கொண்டிருப்பான். குடிலில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அவன் வாரம் அது. அவள் போகவேண்டியதில்லை. தேநீர் வைக்க அடுப்பும் எரியாத சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பூட்ஸைப் போட்டாள்.

பஸ் ஓட்டுகிறவளுக்கு வழுக்கல் புதிதல்ல. பிரேக்கைத் தொடாமல், அவசரப்படாமல், உப்புத் தூவுகிற லொறியொன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டே லவாலின் கோடிக்குப் போனாள். தூரத்திலேயே குடிலின் உருவம் மாறியிருப்பது தெரிந்தது. இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு இடையில் காற்றை ஊதி, அதைத் தலையணை மாதிரி உப்ப வைத்திருப்பது ஒரு சின்ன மோட்டார். அது நின்றுபோக, கூரை தொய்ந்து, அதன்மேல் பனிக்கட்டி தட்டையாகக் கிடந்தது. உள்ளே றெஜான் நீளத் தும்புத்தடியால் கூரையைக் கீழிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். கட்டிகள் வெளியே சரசரவென்று சரிந்து விழுந்தன.

"பொன்ஜூர் மதாம்" என்றார், ஏதோ கோடை காலத்தில் கண்டவர் மாதிரி. தன்னுடைய குடில்களில் இப்போது ஒன்றும் இல்லை, அதனால் உதவிக்கு வந்ததாகப் பிரெஞ்சில் சொன்னார். கூரை தாங்கும், குளிரைத்தான் தன்னால் தட்டிவிட முடியாது என்றார். தட்டி முடித்துவிட்டு, தன் வீட்டு விறகடுப்பைப் பார்க்கப் போனார்.

உள்ளே இன்னும் ஒன்பது டிகிரி இருந்தது. மண்ணில் கையை வைத்தாள், உறையவில்லை. குருத்துகள் இப்போது விரல் நீளத்துக்கு வந்திருந்தன. அவள் தேவிகாவுக்கு அழைத்தாள். கறண்ட் இல்லை என்றும் எவ்வளவுக்கு இறங்கப் போகிறது என்றும் சொன்னாள்.

தேவிகா ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தளிரை மறந்துடுங்க அக்கா. அதைக் காப்பாத்த முடியாது. அடியைப் பாருங்க. ஒட்டுக்கு மேல ஒரு சாண் தண்டு உசிரோட இருந்தா போதும், யூசு திரும்ப வரும். ஒட்டுக்குக் கீழ மட்டும் மிஞ்சினா, அப்புறம் வர்றது வெறும் முள்ளுதான். மண்ணை அணைச்சுக் கட்டுங்க. துணி இருந்தா மேல மூடுங்க. ஈர மண்ணு சூட்டைப் பிடிச்சு வைக்கும். தண்ணி பீச்ச முடிஞ்சா இன்னும் நல்லது."

"கறண்ட் இல்லாமல் பம்ப் ஓடாது."

"தெரியும்" என்றாள் தேவிகா. "ரோடு இப்படி இருக்கு. இல்லன்னா நானே வந்திருப்பேன்."

நிரஞ்சனி மண்வெட்டியை எடுத்தாள். ஒட்டு இருந்த வீக்கம் மூடும்வரை, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் மண்ணைக் கூம்பாகக் குவித்துத் தட்டினாள். நாலைந்து மரம் முடித்தபோது தோளில் வேர்வை. வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். வெளிச்சம் இருக்கும்போதே இது முடியாது என்று தெரிந்தது. தெரிந்தும் அடுத்த மரத்துக்குப் போனாள்.

வெளியே வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. றூபன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அவளைக் கண்டு நின்றான். தொப்பியில் பனிக்கட்டி. வழக்கறிஞரின் அலுவலகத்துக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் நிற்பது இதுதான் முதல்முறை.

"நீர் எப்ப வந்தனீர்?"

"மத்தியானம். உங்கட வாரம் எண்டு தெரியும்" என்றாள் அவள்.

அவன் தொப்பியைக் கழற்றித் தட்டினான். ஹீற்றரிடம் போய்க் குனிந்து பார்த்தான். பிறகு வெளியே போய்க் காஸ் தாங்கியின் அளவுமுள்ளைப் பார்த்துவிட்டு வந்தான். முகம் மாறியிருந்தது.

"வானில ஜெனறேற்றர் கிடக்கு" என்றான். "சின்னது. ஹீற்றரின்ர காத்தாடியை இழுக்கும். அதை நம்பித்தான் வந்தனான். ஆனா காஸ் அடியில நிக்குது. கூட்டிக் கூட்டி எரிச்சதில முடிஞ்சு போச்சு. இண்டைக்கு எந்த லொறியும் இஞ்சால வராது."

"எவ்வளவு நேரம் எரியும்?"

"இருட்டும்வரைக்கும் வரும். சரியான குளிர் அதுக்குப் பிறகுதான்."

நிரஞ்சனி மண்வெட்டியில் சாய்ந்து நின்றாள். நான் எழுதினேன்தானே என்று சொல்வதற்கு அவளுக்கு வாய் வரை வந்தது. அவனுக்கும் அது தெரிந்திருந்தது. அதற்காகவே காத்திருப்பவன் மாதிரி நின்றான். அவள் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை.

"பம்பை இழுக்குமோ அது?" என்று கேட்டாள்.

"பம்பை இழுக்கும். ரெண்டையும் சேர்த்து இழுக்காது." அவன் கூரையைப் பார்த்தான், பிறகு நிலத்தில் ஓடிய கறுப்புக் குழாயை. கோடையில் மரத்தடியில் தண்ணீர் பீச்சுகிற சிறு முனைகள் அதில் வரிசையாக இருந்தன. "கிணத்துத் தண்ணி எட்டு டிகிரி வரும். விடிய விடிய எட்டு டிகிரித் தண்ணி உள்ளுக்கு வந்துகொண்டிருந்தால், அதுவே ஒரு ஹீற்றர்தான். உறையேக்கையும் சூட்டை விட்டுட்டுத்தான் உறையும். இதை நான் முன்னமே யோசிச்சிருக்கலாம்."

"நடுவில தண்ணி நிண்டால்?"

"நிண்டால் இப்ப இருக்கிறதைவிடக் கேடு. ஈரம் காயக் காயக் குளிர் கூடும்." அவன் அவளைப் பார்த்தான். "நிக்காது. நான் இஞ்சதான் நிப்பன். பெற்றோல் கிடக்கு."

"உங்களுக்கு வேலை?"

"ஒரு கிழவிக்கும், கைப்பிள்ளை இருக்கிற ஒரு வீட்டுக்கும் செய்து குடுத்திட்டுத்தான் வந்தனான். மிச்சத்தைக் கீர்த்திகன் பாக்கிறான்." கீர்த்திகன் அவனோடு வேலை செய்கிறவன்.

அவன் ஜெனறேற்றரை இறக்கப் போனான். கதவடியில் திரும்பி, கடைசி மூலையைப் பார்த்தான். தேசிமரங்கள் இடுப்பளவு வளர்ந்து, அந்த நேரத்திலும் பளபளவென்று பச்சையாக நின்றன. இரண்டில் பூ இருந்தது.

"தண்ணி விட்டாலும் அதுகள் நிண்டுபிடிக்காது" என்றான். "போகட்டும்."

இந்த மாரிக் குளிர்காலம் முழுக்க நிரஞ்சனி அந்த மூலையை வெறுத்திருந்தாள். தேசி கருகினால் குடில் தன் வழிக்கு வந்துவிடும் என்று ஒரு நாள் அல்ல, பல நாள் நினைத்திருந்தாள். இப்போது அவன் அவ்வளவு சாதாரணமாகப் போகட்டும் என்று சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"மண் இன்னும் இளக்கமாத்தான் கிடக்கு" என்றாள். "கிளப்புவம். வேரோட, மண்ணோட கிளப்பி வானுக்குள்ள வைப்பம். வானில சூடு இருக்குத்தானே?"

"இந்தக் காலத்தில கிளப்பினால் இலை கொட்டுண்டு போகும்."

"இலைதானே. இஞ்ச விட்டால் மரமே போகும்."

அவன் மூலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வானிலிருந்து ஜெனறேற்றரோடு தன்னுடைய மண்வெட்டியையும் சேர்த்து எடுத்து வந்தான்.

முதலில் தண்ணீர். பம்ப் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. முனைகளில் சில அடைத்திருந்தன. நிரஞ்சனி தலை ஊசியைக் கழற்றி ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தாள். மரத்தடிகளில் தண்ணீர் விசிறிபோல விரிந்தது. றெஜானின் கொட்டிலில் பழைய வெள்ளைத் துணிச் சுருள்கள் கிடந்தன, மரக்கறிக்குப் பனி படாமல் மூடுகிறவை. அவற்றை இரண்டு பேரும் ஆளுக்கொரு தலைப்பாகப் பிடித்து, வரிசைகளுக்கு மேலே வளைகம்பியில் இழுத்துக் கட்டினார்கள்.

"கொஞ்சம் உம்மட பக்கம் இறக்கும்."

"காணுமோ?"

"ஓம். கல்லை வையும்."

இவ்வளவுதான் பேச்சு. எத்தனையோ காலத்துக்குப் பிறகு, ஒருவர் கட்டியதை மற்றவர் அவிழ்க்காமல் ஒரு வேலை நடந்தது. அவள் மண் அணைத்த மரங்களை அவன் மறுபடி தொடவில்லை. மிச்சத்தை அவள் அணைத்த மாதிரியே அணைத்துக்கொண்டு போனான்.

தேசியைக் கிளப்பும்போதுதான் கஷ்டப்பட்டார்கள். வேர் நினைத்ததைவிட அகலமாக ஓடியிருந்தது. ஒன்று அடியோடு முறிந்தது. றூபன் முறிந்த மரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓரமாக வைத்தான். மற்றவற்றைச் சாக்கால் சுற்றி, வானுக்குள் உலைப்பாகங்களை ஒதுக்கி, நெருக்கி நிறுத்தினார்கள். அதற்குள் மேற்கே வானம் கழுவிவிட்டதுபோலத் தெளிந்து, காற்று கன்னத்தைக் கீறத் தொடங்கியிருந்தது.

"நீர் போம்" என்றான். "தெரு இன்னும் மோசமாகும்."

"விடிய வாறன். சாப்பாடு கொண்டுவாறன்."

அவன் தலையாட்டினான். அன்றிரவு அவன் வானில் இருந்தபடி ஜெனறேற்றருக்குப் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்தான் என்பதும், குளிர் மிகக் கடுமையான நேரத்தில் றெஜான் வந்து, நான் பார்க்கிறேன், நீ போய் அடுப்படியில் கையைச் சூடாக்கு என்று அவனை அனுப்பினார் என்பதும் பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது.

காலையில் அவள் புட்டும் முட்டைப் பொரியலும் கொண்டுவந்தபோது சூரியன் எழுந்திருந்தது. குடிலின் கதவு உறைந்துபோய், இரண்டு பேர் தள்ளித்தான் திறந்தது. உள்ளே எல்லாம் பனிக்கட்டி. மரத்தடிகள் கண்ணாடிக் குவியல்களாக இருந்தன. துணியின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குருத்துகள் கறுத்துத் தொங்கின. றூபன் துணியைத் தூக்கி, தேவிகாவின் வெப்பமானி ஒன்றை வெளியே எடுத்து அவளிடம் நீட்டினான். வெளியே மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போன இரவில், துணிக்குள் மைனஸ் மூன்றுக்குக் கீழே இறங்கவேயில்லை.

"தண்ணி நிக்கேல்லை" என்றான்.

"இல்லை" என்றாள் அவள். "சாப்பிடுங்கோ."

பின்னேரம் கறண்ட் வந்தது.

அதன் பிறகு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மாசியில் இலைகள் பழுத்து விழுந்தன. கிளைகள் பழுப்பாகிக் காய்ந்தன. பார்க்கிறவர்கள் யாரும் செத்த தோட்டம் என்றுதான் சொல்வார்கள். வெட்டிவிடவேண்டாம், எது உயிர் எது கட்டை என்று இப்போது தெரியாது என்று தேவிகா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நிரஞ்சனி பொறுத்தாள். பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம், மண்ணை விலக்கி, நகத்தால் ஒரு தண்டின் பட்டையை மெல்லச் சுரண்டினாள். கீழே பச்சை. அடுத்ததிலும் பச்சை. மூன்றாவதில் பழுப்பு, இன்னும் கீழே சுரண்டினாள், ஒட்டுக்கு நாலு விரல் மேலே பச்சை தொடங்கியது. அவள் ரெலிபோனை எடுத்தாள். எழுதத் தொடங்கி, நிறுத்தி, அழைத்தாள்.

"உயிர் இருக்கு" என்றாள்.

"எல்லாத்திலயுமோ?"

"நாலு மரம் போச்சு. மற்றதெல்லாம் இருக்கு. தேசி என்ன மாதிரி?"

"இலை ஒண்டும் இல்லை. ஆனா ஒண்டில சின்னனா முளை வருது. சென்-லோரோனில என்ர அப்பார்ட்மென்டில நடக்க இடமில்லை, எல்லா ஜன்னலிலயும் வாளிதான்." பிறகு, "இனி அதுகள் இஞ்சயே நிக்கட்டும்" என்றான். "தொட்டியில வைக்கிறன். தேசிக்கு அதுதான் சரி. குடிலை யூசுவுக்கு விடுவம்."

"அப்ப வார முறை?"

"உமக்கு எப்பிடிச் சரி எண்டு படுதோ, அப்பிடி வைப்பம். நான் மாத்தமாட்டன்."

அவள் யோசித்தாள். "எனக்கு எப்பிடி எண்டில்லை. மரத்துக்கு எப்பிடி எண்டு வைப்பம்" என்றாள். "தேவிகாவையும் கூப்பிட்டு ஒருக்கா இருந்து கதைப்பம்."

இருந்து கதைத்தார்கள், சித்திரையில், றெஜானின் கொட்டிலில் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு. ஆடிக்குப் பிறகு உரம் இல்லை என்று முடிவானது. புரட்டாதியில் பக்கத் திரைகளைச் சுருட்டி விட்டுவிடுவது, உறைபனி வாசலுக்கு வரும்வரை மூடுவதில்லை. ஹீற்றர் மைனஸ் நாலுக்குக் கீழே போனால் மட்டும். ஆனால் மாரியில் குளிரைவிட வெயில்தான் கள்ளன் என்று தேவிகா சொன்னாள். வெளியே மைனஸ் பத்தாக இருந்தாலும், மாசி வெயிலில் பிளாஸ்டிக்குக்குள் இருபது டிகிரி ஏறும். மரம் மறுபடி விழித்துவிடும்.

"அதை என்னட்ட விடுங்கோ" என்றான் றூபன். வெயில் ஏறினால் தானாகத் திறந்து, குளிர்ந்த காற்றை உள்ளே இழுக்கிற ஜன்னலொன்றை அவன் கூரை முகட்டில் பூட்டினான். தன் வாழ்நாளில் குளிரை உள்ளே விடுவதற்கு ஒரு இயந்திரம் செய்வது இதுதான் முதல்தடவை என்று கீர்த்திகனிடம் சொல்லிச் சிரித்தானாம்.

அவர்களுடைய விவாகரத்து அந்த ஆவணியில் தீர்ப்பாகியது. நீதிமன்றத்துக்குப் போகக்கூடத் தேவைப்படவில்லை. குடில் இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த மாரியும் வந்தது. மாசி மாத விடுமுறைக்கு ஆர்த்திகா மொன்றியாலுக்கு வந்தபோது, நிரஞ்சனி அவளைக் குடிலுக்குக் கூட்டிப்போனாள். வெளியே கண் கூசுகிற வெயில். மூக்கு நுனி உறைகிற குளிர். றூபன் உள்ளே ஏணியில் நின்று முகட்டு ஜன்னலின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மரங்கள் சிறிதாக, கரும்பச்சையாக, ஒரு குருத்தும் இல்லாமல் நின்றன. போன வருடம் அடியிலிருந்து துளிர்த்தவை அவை. பழம் காய்க்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகும். செத்த நாலின் இடத்தில் தேவிகா ஒட்டிக் கொடுத்த புதுக்கன்றுகள்.

"ஒண்டுமே நடக்கேல்லையே இஞ்ச" என்றாள் ஆர்த்திகா.

"ஓம்" என்றாள் நிரஞ்சனி பெருமையோடு. "அப்பிடித்தான் இருக்கோணும்."

மூன்று பேரும் வானுக்குள் இருந்து, நிரஞ்சனி கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். றூபன் தன் ஜன்னலில் காய்த்த தேசிக்காய் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வெட்டி, கறியில் பிழிந்தான். சின்னக் காய்தான், சாறு வழிந்தது. ஆர்த்திகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்ததுபோல, கேட்டாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் திரும்பச் சேரப் போறியளோ?"

"இல்லை" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில். அப்படி ஒரே குரலில் வந்ததைக் கேட்டு றூபனுக்குச் சிரிப்பு வந்தது, நிரஞ்சனியும் சிரித்தாள்.

"அப்ப சரி" என்றாள் ஆர்த்திகா. "கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

பின்னேர பஸ் ஓட்டத்துக்கு நேரமாகியிருந்தது. நிரஞ்சனி பாத்திரங்களைக் கட்டினாள். றூபன் ஏணியை எடுக்கப் போனான். குடிலின் முகட்டில் வெயில் ஏறியிருந்தது. ஜன்னல் மெதுவாகத் தானே திறந்து, குளிர் உள்ளே இறங்கியது.